அழுத்தம் கடைசி அசையில்

தேர்வு முடிவை மொழி நிலையத்தின் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். ரிவர்ஸக்கா வேன் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே தன் எண்ணைத் தேடினாள். ஸ்பானிஷ், முதல் நிலை, ஐம்பத்தெட்டு. தேறுவதற்கு அறுபது வேண்டும். சாவி சுழல்வது நின்றது.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் துறைமுகத்தில் கிடைத்தது. சரக்குக் கொட்டகைகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. உள்ளே போன வண்டி திரும்புவதற்கு இடம் கிடையாது. மற்ற ஓட்டுநர்கள் சந்தின் வாயிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, கப்பலிலிருந்து இறங்குகிறவர்களைப் பெட்டியும் கையுமாக நடக்கவிடுவார்கள். இவள் பன்னிரண்டு இருக்கை வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிக் கப்பலின் ஏணி வரை கொண்டுபோய்விடுவாள். வண்டியைத்தான் பின்னால் எடுப்பாளே தவிர, சொன்ன பேச்சிலிருந்து ஒரு அடி பின்னால் போனதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லும்போது அவள் பக்கத்தில் இல்லையே என்று ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடமாகக் கப்பல் ஊழியர்களைத் துறைமுகத்திலிருந்து விடுதிக்கும் விடுதியிலிருந்து துறைமுகத்துக்கும் கொண்டுபோய் விடுவதுதான் அவள் வேலை. அந்தக் கப்பல்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். திடீரென்று ஒரு நாள் வேன் நிறுவனம் ஒரு உத்தரவு போட்டது. துறைமுக வழியில் ஓட்டுகிறவர்கள் ஸ்பானிஷ் முதல் நிலைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் அலுவலக வழிக்கு மாற்றப்படுவார்கள்.

"நாப்பத்தி மூணு வயசுல பரீட்சையா?" என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர். அவர் கடைத்தெரு முனையில் சாவி வெட்டுகிறவர். உள்ளே ஒரு ஆள் நின்றால் அடுத்த ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. ஊரே அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும்.

"ஏன், நாப்பத்தி மூணு வயசுல வண்டி ஓட்டலாம், பரீட்சை எழுதக் கூடாதா?"

"எழுது எழுது. பேனா எந்தப் பக்கம் எழுதும்னு ஞாபகம் இருந்தா சரி."

வாரத்துக்கு மூன்று மாலை வகுப்பு. பதினான்கு பேர் படித்தார்கள். இந்த மொழியில் ஒரு சொல்லை எங்கே வெட்டுவது, எங்கே அழுத்துவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று முதல் வாரமே டீச்சர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வெண்பாவை அசை பிரித்து நேர், நிரை என்று எழுதித் திட்டு வாங்கியது ரிவர்ஸக்காவுக்கு நினைவு வந்தது. மறுபடியும் தேமா, புளிமாவா என்று நொந்துகொண்டாள். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. 'பாப்பா' என்பதில் முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்காம், கடைசி அசையை அழுத்தினால் அப்பாவாம்.

"நம்ம பாஷையில எங்க அழுத்தினாலும் குழந்தைதான் அழும்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ். வேலை முடிந்து சீருடையோடு வகுப்புக்கு வருகிறவள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு.

சொல் உயிரொலியிலோ 'ன்', 'ஸ்' ஒலியிலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில் விழும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில் விழும். இந்த விதிக்கு அடங்காத சொல் என்றால், அழுத்தம் விழும் எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு போட வேண்டும். வகுப்பில் அதற்குக் 'குச்சி' என்று பெயர். இது வரை நர்ஸுக்குப் புரிந்தது. உயிரெழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எங்கே வெட்டுவது என்பதில்தான் அவள் திணறினாள். ரிவர்ஸக்கா அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இங்க பாரு. அ, எ, ஒ மூணும் குண்டு ஆளுங்க. ரெண்டு குண்டு ஆளு ஒரே சீட்ல உக்கார மாட்டாங்க. ஆளுக்கொரு சீட்டு, அங்க வெட்டிடு. இ, உ ரெண்டும் ஒல்லி. பக்கத்து ஆளு மடியில உக்காந்துக்கும், வெட்டாத. ஆனா ஒல்லி தலையில குச்சியோட ஏறிச்சுன்னா, அதுக்குத் தனி சீட்டு குடுத்தே ஆகணும். இல்லன்னா வம்பு பண்ணும்."

டீச்சர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து எல்லா வகுப்புக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார், யாருடைய சரக்கு என்று சொல்லாமல்.

வகுப்புக்கு வருவதற்கு முன்பே ரிவர்ஸக்காவுக்கு ஒரு ஸ்பானிஷ் சொல் தெரியும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரும் கப்பல் ஒன்றில் ஒரு சமையல்காரர் இருந்தார். பெரிய தொப்பை, சின்னக் குரல். வேன் பின்னால் வருவதைப் பார்த்ததும் ஏணியின் உச்சியிலிருந்தே "சொஃபேர்" என்று கையை ஆட்டுவார். பின்பாதியை ஒரு தள்ளு தள்ளி, 'ஃபேர்' என்று விடுவார். வண்டி ஓட்டுகிறவர் என்று அர்த்தம். அந்த மொழியில் அவளுக்கு இருந்த பெயரே அதுதான்.

அதில்தான் தேர்வில் இடித்தது. பேச்சுத் தேர்வு நடத்தியவரை நிலையத்தில் எல்லோரும் குச்சி சார் என்பார்கள். ஒரு எழுத்தின் தலையில் குச்சி விட்டுப்போனாலும் மதிப்பெண்ணை வெட்டுகிறவர். ஆளும் ஒல்லி. அவர் ஸ்பானிஷில் கேட்டார், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று.

"சொஃபேர்" என்றாள் ரிவர்ஸக்கா.

"சோஃபெர்" என்று முன்பாதியை அழுத்தித் திருத்தினார் அவர்.

"சொஃபேர்."

"மறுபடி சொல்லுங்க."

அவள் மறுபடி சொன்னாள், அதே மாதிரி. இன்னும் கொஞ்சம் தெளிவாக. அவர் தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இப்போது பலகையில் ஐம்பத்தெட்டைப் பார்த்ததும் குச்சி சார் தாளில் எழுதியதுதான் அவள் கண்ணுக்குள் வந்தது. நேராக எழுத்தர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குப் போனாள்.

"என் விடைத்தாளைப் பார்க்கணும்."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லைங்களே."

"வழக்கம் இல்லையா, விதி இல்லையா?"

"ரெண்டும்தான்னு வெச்சுக்குங்களேன்."

"வெச்சுக்க மாட்டேன். விதிப் புத்தகத்தை எடுங்க."

எழுத்தர் மேசையின் கடைசி இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். பதினோராம் விதியைப் படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. முடிவு வந்து ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால் விடைத்தாளைக் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அவள் அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நாளைக்கு வாங்க என்றார். இன்னைக்கு எனக்கு லீவு என்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்து விடைத்தாள் வந்தது.

இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது. பேச்சுத் தேர்வில் ஒன்று: 'தொழிலின் பெயரையே தவறாக அழுத்துகிறார்'. எழுத்துத் தேர்வில் ஒன்று: பத்துச் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடிட்டு, வேண்டிய இடத்தில் குச்சி போடும் கேள்வி. ஐந்தாவது சொல் அதே சொல்தான். அவள் குச்சி போடாமல் இரண்டாகப் பிரித்துப் பின்பாதிக்குக் கோடு போட்டிருந்தாள். முதல் அசையில் குச்சி வேண்டும் என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தது.

நர்ஸுக்கு ஐம்பத்தொன்பது. தன் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அவளும் அந்த ஐந்தாவது சொல்லில்தான் ஒன்றை விட்டிருந்தாள்.

"உங்க வாயிலருந்து கேட்டதைத்தான் எழுதினேன்" என்றாள் நர்ஸ். குரலில் குறை இல்லை. அதுதான் ரிவர்ஸக்காவுக்கு அதிகமாகச் சுட்டது.

வெள்ளிக்கிழமை சமையல்காரரின் கப்பல் வந்தது. சான்றிதழுக்குக் கொடுத்த கெடு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்ததால் அவள்தான் ஓட்டினாள். எல்லோரும் ஏறியதும், தெரிந்த ஸ்பானிஷை எல்லாம் கூட்டிச் சேர்த்துக் கேட்டாள்: என்னை நீங்கள் கூப்பிடுகிறீர்களே, அதை எங்கே அழுத்த வேண்டும்?

சமையல்காரர் இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார். "சொஃபேர்" என்றார்.

பின் இருக்கையில் எஞ்சின் அறை ஆள் ஒருவர் இருந்தார். அவர் வேறு நாட்டுக்காரர். "இல்லை, சோஃபெர்" என்றார்.

அவ்வளவுதான். துறைமுக வாசலிலிருந்து விடுதி வரைக்கும் வேன் சந்தைக்கடையாகிவிட்டது. அவளுக்குப் பாதி வார்த்தையிலும் பாதி கையசைப்பிலும் புரிந்தது. என் அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டினார், அவர் செய்த வேலையின் பெயர் எனக்குத் தெரியாதா என்றார் சமையல்காரர். என் மாமாவும் டாக்ஸிதான் ஓட்டினார், அவர் என்ன ஊமையா என்றார் எஞ்சின் அறை ஆள். நடுவில் இருந்த ஒரு வயதானவர், எங்கள் நாட்டில் இப்படி, அவர்கள் நாட்டில் அப்படி, இரண்டும் சரி, பசிக்கிறது, பேசாமல் வாருங்கள் என்றார். விடுதிப் படியில் இறங்கி நின்றும் அந்த இருவரும் விடவில்லை.

ரிவர்ஸக்கா வண்டியைப் பூட்டாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். குச்சி சார் சொன்னது தப்பில்லை. நான் சொன்னதும் தப்பில்லை. அப்புறம் எதற்கு எனக்கு மட்டும் சிவப்பு மை?

திங்கட்கிழமை மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தாள். புதன்கிழமை நிலைய முதல்வரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல்வர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, எந்த விவகாரத்தையும் பூசி மெழுகித் தேநீரோடு முடித்து அனுப்புகிறவர். பக்கத்தில் குச்சி சார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மார்க்தானேம்மா. கருணை மதிப்பெண்ணா போட்டுடறோம்" என்று முதல்வர் ஒரு தாளை நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. சான்றிதழ் நாளைக்கே வந்துடும்."

ரிவர்ஸக்கா தாளைப் படித்தாள். என் விடையில் உள்ள பிழையை ஒப்புக்கொண்டு கருணை மதிப்பெண் கோருகிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது.

"நான் எதையும் கோரலையே மேடம்."

"அது ஒரு வாசகம்தானே."

"நர்ஸுக்கும் இதே சொல்லுல ஒரு மார்க் போயிருக்கு. அவங்களுக்கும் போடுவீங்களா?"

"அவங்க விண்ணப்பிக்கலையேம்மா."

"அப்ப இது மார்க் இல்ல மேடம், என் வாய்க்குப் போடற பூட்டு. எங்க வீட்டுக்காரர் பூட்டு வியாபாரம் பண்றவர்தான். எனக்கு வேண்டாம்." தாளைத் திருப்பி நகர்த்தினாள்.

குச்சி சார் தொண்டையைச் செருமினார். "இருபது வருஷமா நான் சோஃபெர்னுதான் சொல்லிக்குடுக்கறேன், திருத்தறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லவே இல்ல சார். நான் சொன்னது தப்பில்லைன்னுதான் சொல்றேன். ரெண்டு மாதிரியும் பேசறாங்க. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில வெச்சு ஓட்டியிருக்கேன்." வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். பிறகு போனை எடுத்துத் தேடிக் காட்டப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"போன்ல எது வேணும்னாலும் வரும். கப்பல்காரங்க பேச்செல்லாம் ஆதாரமாகாது. இந்த நிலையத்துக்கு ஆதாரம் நிலையத்தோட அகராதிதான்."

"சரி. அதையே பார்ப்போம்."

மூன்று பேரும் சுவரோரம் இருந்த கண்ணாடி பீரோவைப் பார்த்தார்கள். உள்ளே இரண்டு தடித்த நூல்கள் சிவப்பு முதுகோடு நின்றன.

"அதுக்குச் சாவி இல்லம்மா" என்றார் முதல்வர். "போன முதல்வர் ஓய்வு பெற்றப்பவே தொலைஞ்சு போச்சு."

"அது எப்போ?"

"ஒரு ஆறு வருஷம் இருக்கும்."

ரிவர்ஸக்கா குச்சி சார் பக்கம் திரும்பினாள். "அப்போ ஆறு வருஷமா ஆதாரத்தைப் பார்க்காமத்தான் திருத்தறீங்களா சார்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அதற்கு முன்பே அது சரியாகத்தான் இருந்தது.

அவள் போனை எடுத்துச் சாவிக்காரரைக் கூப்பிட்டாள். "ஏங்க, கடையைச் சாத்திட்டு மொழி நிலையத்துக்கு வாங்க. பீரோ பூட்டு, கண்ணாடிக் கதவு."

"உடைச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. சீக்கிரம் வாங்க."

அரை மணி நேரத்தில் அவர் கருவிப் பெட்டியோடு வந்து, அறையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு பீரோ முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூட்டுக்குள் ஊதினார். இரண்டு கம்பிகளை நுழைத்துக் காதை அருகில் வைத்தார். "பூட்டு நல்ல பூட்டு" என்று முதல்வரிடம் சொன்னார். "திறக்க ஆள் இல்லாம ஏங்கிக் கிடந்திருக்கு." பத்து நிமிடத்தில் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

முதல் நூலை முதல்வரே எடுத்து மேசையில் வைத்தார். ஈரப்பதத்தில் ஒட்டிக்கிடந்த பக்கங்களை நகத்தால் பிரித்துப் பிரித்துத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு நூலைக் குச்சி சார் பக்கம் திருப்பினார். அங்கே இரண்டு வடிவமும் ஒரே வரியில் இருந்தன. ஒன்று தலையில் குச்சியோடு, மற்றது குச்சி இல்லாமல். நடுவில் 'அல்லது'.

அவர் நெடுநேரம் அந்த வரியைப் படித்தார். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பேசினால் சிரித்துவிடுவோம் என்று ரிவர்ஸக்காவுக்குப் பயமாக இருந்தது.

"சரி" என்றார் அவர் கடைசியில். "ஆனா ஒரு கேள்வியை மட்டும் திறந்து பார்க்க முடியாது. மறுமதிப்பீடுன்னா முழுத் தாளையும் திருத்தணும். விதி அதுதான்." எழுத்தரிடமிருந்து விதிப் புத்தகம் வந்தது. அதில் அப்படித்தான் இருந்தது.

சிவப்புப் பேனா முதல் பக்கத்திலிருந்து இறங்கியது. இரண்டாம் பக்கத்தில் நின்றது. "இது எப்படி டிக் ஆச்சு?" என்றார் அவர், தன்னையே கேட்பது போல.

எட்டாவது சொல். நாடு என்று பொருள்படும் 'பாயீஸ்'. அவள் 'ஈ' தலையில் குச்சியைச் சரியாகப் போட்டிருந்தாள். ஆனால் சொல்லை வெட்டாமல் ஒரே துண்டாக எழுதியிருந்தாள். 'பா' தனி, 'ஈஸ்' தனி என்று இரண்டாக்கியிருக்க வேண்டும். முதல் முறை திருத்தும்போது குச்சியைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் வெட்டைப் பார்க்கவில்லை. கிடைத்த இரண்டில் இப்போது ஒன்று போகும். மொத்தம் ஐம்பத்தொன்பது.

சாவிக்காரருக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆனால் மனைவியின் முகம் தெரியும். "பேசாம இரு. அவங்களே விட்டுடுவாங்க" என்று காதோரம் முணுமுணுத்தார். முதல்வரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கெஞ்சுவாள் என்று குச்சி சார் காத்திருந்த மாதிரி இருந்தது.

ரிவர்ஸக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், தன் தாளில் கோட்டை விட்டிருக்கிறாள்.

"அது தப்புதான் சார்" என்றாள். "ஒல்லி குச்சியோட ஏறியிருக்கு. தனி சீட்டு குடுக்காம மடியில உக்கார வெச்சிருக்கேன். எடுத்துடுங்க."

"என்ன சீட்டு?" என்றார் அவர். டீச்சர் வகுப்பில் சொல்வதைக் கேட்டிருந்த முதல்வருக்கு மட்டும் புரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"ஒரு மார்க்தானேம்மா இப்போ" என்று அந்த அச்சடித்த தாளை மறுபடி எடுத்தார் முதல்வர். இந்த முறை குரலில் தேநீர் இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது.

"வேண்டாம் மேடம். அந்தச் சொல்லு ரெண்டு மாதிரியும் சரின்னு எழுதிப் பலகையில ஒட்டுங்க. எல்லார் தாள்லயும் திருத்துங்க. என் எட்டாவது சொல்லைத் தப்புன்னு எழுதுங்க. எனக்கு அது போதும்."

"போதுமா? தேறலையேம்மா நீங்க."

"தெரியும்" என்றாள்.

மறுநாள் மாடிப்படிக்குப் பக்கத்தில் புதுத் தாள் ஒட்டினார்கள். நர்ஸ் அறுபது. துணி தேய்க்கும் கடைக்காரர் ஒருவரும் அதே சொல்லால் தேறியிருந்தார். நர்ஸ் வேன் நிறுத்துமிடத்துக்கே ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை வராமல், ஸ்பானிஷிலும் தமிழிலும் இல்லாத ஒரு சத்தம் போட்டாள்.

வேன் நிறுவனத்தின் மேலாளருக்கு அந்தச் சத்தமெல்லாம் கேட்கவில்லை. "ஒரு மார்க்குக்கு ரோஷம் பார்த்தா வண்டி ஓடுமா?" என்றார்.

"மூணு மாசத்துல அடுத்த பரீட்சை. அதுவரைக்கும் அந்த ரூட்டுக்கு யாரை வேணும்னாலும் போடுங்க. நான் வந்ததும் எனக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"நீ எனக்கு உத்தரவு போடறியா?"

"சந்துக்குள்ள ஏணி வரைக்கும் வண்டியைக் கொண்டுபோற ஆளு கிடைச்சா எனக்குத் தர வேண்டாம்."

அப்படி ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று மாதமும் நீளமாகத்தான் இருந்தன. அலுவலக வழியில் ஏறுகிறவர்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பின்னால் பார்த்தால் பதினோரு தலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒருவரும் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு மாலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளே வாய்விட்டுச் சொன்னாள்: "அந்த ஒரு மார்க்கை வாங்கியிருக்கலாமோ?"

சாவிக்காரர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கியிருந்தா, ஏன் வாங்கினேன் ஏன் வாங்கினேன்னு மூணு மாசமும் என் பிராணனை வாங்கியிருப்ப. இப்ப வெங்காயத்தை மட்டும்தான் வெட்டற. நான் நிம்மதியா இருக்கேன்."

அவள் சிரித்தாள். மறுநாளிலிருந்து நர்ஸ் தன் ஓய்வு நாட்களில் வந்து சொற்களைக் கேட்பாள். இவள் மேசையில் தட்டித் தட்டிப் பிரிப்பாள். விமான நிலையத்துக்கு ஐந்து தட்டு. நகரத்துக்கு இரண்டு. 'பாயீஸ்' வரும்போது மட்டும் இரண்டு தட்டும் மேசை அதிரும்.

மறு தேர்வில் எழுத்தில் ஒரு வெட்டும் பிசகவில்லை. பேச்சுத் தேர்வுக்கு மறுபடியும் குச்சி சார்தான். துறைமுகத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். அவள் ஒவ்வொரு திருப்பமாக, ஒவ்வொரு சிக்னலாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் தாளை மூடி வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அன்னைக்குச் சொன்னீங்களே, வண்டியில ரெண்டு பேரு சண்டை போட்டாங்கன்னு. நிஜமாவே அப்படிச் சண்டை போட்டாங்களா?"

"விடுதி வாசல் வரைக்கும் போட்டாங்க சார்."

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "நான் புத்தகத்துல படிச்சவன். எனக்குச் சொல்லிக்குடுத்தவரும் புத்தகத்துல படிச்சவர்தான். அந்தப் பாஷையில பிறந்து வளர்ந்த ஒருத்தர்கிட்டகூட நான் இதுவரைக்கும் நேரா பேசினதில்ல."

அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனால் கோபம் முழுவதாகப் போய்விடவில்லை. "பேசாமலேதான் இருபது வருஷமா எல்லார் மார்க்கையும் வெட்டினீங்களா?"

"ஆமா" என்றார் அவர். மென்று விழுங்காமல், ஒரே சொல்லாக. அந்த நேர்மை அவளுக்குப் பிடித்தது.

"மறுபடி அந்த ரூட் எனக்கு வந்ததும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் துறைமுக வாசல்ல நில்லுங்க. முன் சீட்டு காலியா இருக்கும். யாரு சரி யாரு தப்புன்னு நீங்களே கேட்டுக்கங்க."

அவளுக்கு எழுபத்து நான்கு வந்தது. மேலாளர் துறைமுக வழியின் அட்டையை அவள் பக்கம் தள்ளினார். அந்தச் செய்தியைக் குச்சி சாருக்கும் சொல்லி அனுப்பினாள். முதல் வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் இல்லை. பயந்துவிட்டார் என்றார் சாவிக்காரர். மூன்றாவது வெள்ளிக்கிழமை, மடிப்புக் கலையாத சட்டையும் புது நோட்டுமாக வாசலில் நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார்.

"பெல்ட்டை மாட்டுங்க" என்றாள் ரிவர்ஸக்கா. அவர் இரண்டு முறை முயன்று மாட்டினார்.

பின்னால் பதினோரு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சொற்களின் நுனிகள் அறுந்து விழுந்தன, ஒரு அசை இன்னொன்றை விழுங்கியது, எதுவும் புத்தகத்தில் இருந்த மாதிரி இல்லை. குச்சி சார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். முதல் சிக்னலில் வண்டி நின்றதும், முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே, வண்டி ஓட்டுகிறவரை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று பள்ளிக்கூட ஸ்பானிஷில் கேட்டார். ஒருவர் காதிலும் விழவில்லை.

"சத்தமா கேளுங்க சார்" என்றாள் அவள். "இங்க யாரும் கையைத் தூக்கிட்டுப் பேச மாட்டாங்க."

அவர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அதே கேள்வியை உரக்கக் கேட்டார்.

பின்னால் பேச்சு சட்டென்று நின்றது. பதினோரு பேரும் அவரைப் பார்த்தார்கள். அடுத்த கணம் பதினோரு பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள்.

சிக்னல் பச்சையானது. ரிவர்ஸக்கா வண்டியை எடுத்தாள். எந்தப் பதிலை முதலில் எழுதுவது என்று தெரியாமல், அவர் மூடியைக் கழற்றாத பேனாவை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.